கொலம்பஸ், ஒஹையோவுக்குக் குடும்பத்தோடு வருகிறோம்: எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

பேரூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குக் கொலம்பஸுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஆபீஸ் டவுன்டவுனில். வாரத்தில் மூன்று நாள் நேரில் போகவேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. அவர் ஜூனில் முன்னால் போகிறார். நானும் பிள்ளைகளும் ஜூலைக் கடைசியில் போய்ச் சேருவோம். மகள் அங்கே எட்டாம் வகுப்பில் சேரவேண்டும், மகன் ஒன்றாம் வகுப்பு. அக்டோபரில் என் அத்தையும் (மாமியார்) ஆறு மாதத்துக்கு வருகிறார். அவருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. இருந்தாலும் தினமும் காலையில் கோயிலுக்கு நடந்து போய்விட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

டப்ளின், லூயிஸ் சென்டர், ஹில்லியர்ட் என்று கொலம்பஸை ஒட்டிய மூன்று ஊர் எழுதி வைத்திருக்கிறோம். கூட வேலை செய்கிற ஒருவர் டப்ளினைத் தவிர வேறெங்கும் பார்க்காதீர்கள் என்கிறார். இன்னொருவர் ஓலண்டாஞ்சி பள்ளிகள்தான் என்கிறார். இணையத்தில் பள்ளிக்கூடங்களுக்கு ஒன்பது, பத்து, எட்டு என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போனதுதான் மிச்சம். போன உடனே வீடு வாங்கிவிடலாம் என்று இவர் சொல்கிறார். எனக்கு அதில் பயம். எனக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும், கார் ஓட்டியதில்லை.

டப்ளின் முகவரியோடு, 43016 என்ற பின்கோடில், ஒரு அப்பார்ட்மெண்ட் பிடித்திருக்கிறது. ஹேடன் ரன் ரோடு பக்கம். அதை எடுக்கலாமா? அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்களேன்.


போலாரிஸ் பக்கத்து வீடு எழுதியது:

லூயிஸ் சென்டர் பாருங்கள் சகோதரி. நாங்கள் ஆறு வருஷமாக இங்கே இருக்கிறோம். பள்ளி ஓலண்டாஞ்சி மாவட்டம் (இங்கே வீட்டு முகவரி எந்தப் பள்ளி மாவட்டத்தில் வருகிறதோ அங்கேதான் பிள்ளைகள் படிப்பார்கள்). தெருவுக்கு நாலு வீடு நம்மவர்கள், தெலுங்குக்காரர்களும் நிறைய. பவலில் ஹையட்ஸ் ரோட்டில் இருக்கிற பாரதிய இந்துக் கோயிலுக்குப் பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். இங்கே பெரும்பகுதி டவுன்ஷிப், நகராட்சி கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் ஆபீஸ் போகிற நாட்களுக்குக் கொலம்பஸ் நகர வருமான வரி 2.5 சதவீதம் எப்படியும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களுக்குக் குடியிருக்கிற ஊரின் கணக்கு வரும். டப்ளினில் 2 சதவீதம், டவுன்ஷிப்பில் அந்த வரியே இல்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். 23ஆம் நம்பர் ரோட்டில் காலை நேரம் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கவேண்டும். மாவட்டம் வேகமாக வளர்கிறது. ஓலண்டாஞ்சி, லிபர்ட்டி, ஆரஞ்ச், பெர்லின் என்று ஏற்கெனவே நான்கு உயர்நிலைப் பள்ளிகள். புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று எல்லைக் கோட்டை மாற்றி வரைவார்கள். வாங்குவதற்கு முன் அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.


தாமிரபரணி எழுதியது:

தங்கச்சி, நான் 2014இல் இங்கே வந்தேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மதிப்பெண் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதிய மூன்றுமே நல்ல பள்ளி மாவட்டங்கள்தான். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அத்தைக்கு நடக்காமல் பொழுது விடியாது என்று எழுதியிருக்கிறீர்களே, என் மனசு அங்கேயேதான் நின்றது.

வீடு பார்க்கும்போது ஆபீஸ் போகிறவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் எது வசதி என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அவருக்குக் கார் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மஞ்சள் பஸ் வந்துவிடும். காலை எட்டரை மணிக்கு மேல் அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள். அக்டோபரிலிருந்து அத்தையும். அந்த வீட்டை உங்கள் இருவருக்காகப் பாருங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் முதலில் எடுத்ததும் நீங்கள் சொல்கிற அதே ஹேடன் ரன் பக்கத்து அப்பார்ட்மெண்ட்தான். பார்க்க அவ்வளவு அழகு. நடுவில் குளம், குளத்தில் நீரூற்று, கரையெல்லாம் வாத்துக்கூட்டம். கடை அரை மைல்தான். ஆனால் போகிற வழியில் பாதி தூரத்துக்கு நடைபாதை கிடையாது. புல்வெளி ஓரமாகப் போகவேண்டும், பக்கத்திலேயே கார்கள் பறக்கும். நவம்பரில் அம்மா வந்தார்கள். கோட் பாக்கெட்டில் பத்துக் கொண்டைக்கடலையைப் போட்டுக்கொண்டு குளத்தைச் சுற்றி நடப்பார்கள். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கடலை இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்குப் போகும். பத்தும் மாறினால் வீட்டுக்கு வந்து காப்பி. டிசம்பர் நடுவில் பாதை உறைந்து கண்ணாடி மாதிரி ஆனதும் அதுவும் நின்றுபோயிற்று. ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நானும் அம்மாவும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளை வருகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருப்போம். பிப்ரவரியில் ஒருநாள் அம்மா, "டிக்கெட்டை முன்னால மாத்த முடியுமான்னு பாரு" என்றார்கள். மாற்றித்தான் அனுப்பினோம். அந்த உறுத்தல் எனக்கு இன்றும் போகவில்லை.

2016இல் பழைய டப்ளினில், நூலகத்துக்கு நடக்கிற தூரத்தில், வாடகைக்கு வந்தோம். வீடு சின்னது, வாடகை அதிகம். நூலகத்துக்குப் புதுக் கட்டடம் 2019இல் திறந்தார்கள். அடுத்த வருஷம் சியோட்டோ ஆற்றுக்கு மேலே நடப்பதற்கென்றே ஒரு தொங்குபாலம் கட்டித் திறந்தார்கள். 2022 மே மாதம் அம்மா திரும்ப வந்தபோது விடிந்தவுடன் அந்தப் பாலத்தைத் தாண்டி அக்கரை போய் வருவார்கள். எதிரே நாயைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு வயதான அம்மாவோடு கையை ஆட்டிப் பழக்கமாகிவிட்டது. அந்த முறை ஆறு மாதமும் இருந்துவிட்டுத்தான் போனார்கள். ஊர் அதேதான், மாறினது வீட்டு வாசலும் வந்த மாதமும். அத்தையை அக்டோபரில் வரவழைக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் வரச் சொல்லுங்கள்.

இனி உங்கள் 43016க்கு வருகிறேன். இதைக் கவனமாகப் படியுங்கள். தபால் முகவரியில் டப்ளின் என்று இருப்பதால் மட்டும் அது டப்ளின் பள்ளி ஆகிவிடாது. எங்களுக்கு வாடகை அலுவலகத்தில் டப்ளின், டப்ளின் என்றுதான் சொன்னார்கள். மகனைச் சேர்க்க டப்ளின் மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அம்மா முகவரியைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஹில்லியர்ட் மாவட்டம். ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

இந்தக் குழப்பத்துக்கு இந்த ஊரில் ஒரு வரலாறே இருக்கிறது. 1950களில் கொலம்பஸ் நகராட்சி, தண்ணீரும் சாக்கடை இணைப்பும் வேண்டுமானால் நகரத்தோடு சேர வேண்டும் என்று சொல்லிச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் சேர்த்துக்கொண்டே போயிற்று. அப்படிச் சேர்ந்த பல இடங்களின் பள்ளிக்கூடம் பழைய மாவட்டத்திலேயே இருந்தது. இது பெரிய தகராறாகி, 1986இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஏற்கெனவே நகரத்தோடு சேர்ந்துவிட்ட அந்த இடங்களின் பள்ளி பழைய மாவட்டத்திலேயே இருக்கட்டும் என்பது அதன் சாரம். அதனால்தான் தபால் முகவரி டப்ளின், நகர வரி கொலம்பஸுக்கு, பிள்ளை படிப்பது ஹில்லியர்டில் என்று மூன்றும் மூன்று திசையில் போகிற வீடுகள் இங்கே ஏராளம். சாமில் ரோட்டுப் பக்கம் இதற்கு நேர்மாறு: கொலம்பஸ் நகர எல்லைக்குள் இருந்துகொண்டே டப்ளின் பள்ளிக்குப் போகிற அப்பார்ட்மெண்ட்கள் இருக்கின்றன.

யார் வாய்மொழியாகச் சொன்னதையும் நம்ப வேண்டாம். பிராங்க்ளின் கவுண்டி ஆடிட்டர் (சொத்துப் பதிவையும் வரிக் கணக்கையும் வைத்திருக்கிற அலுவலகம்) இணையதளத்தில் முகவரியைப் போடுங்கள். வரி மாவட்டம் எது, பள்ளி மாவட்டம் எது என்று தனித்தனியாக வரும். லூயிஸ் சென்டருக்கு டெலாவேர் கவுண்டி ஆடிட்டர். அப்புறம் அந்தப் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கே எழுதி, இந்த முகவரிக்கு எந்தத் தொடக்கப் பள்ளி, எந்த நடுநிலை, எந்த உயர்நிலை என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வாங்குவதைப் பற்றி: முதல் வருஷம் வேண்டாம். உங்கள் மகள் எட்டாம் வகுப்பு. இங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்பதாவதில்தான் தொடங்குகிறது. ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்த்து, அடுத்த கோடையில் வேறு பக்கம் போனாலும் ஒன்பதாவதில் எல்லாப் பிள்ளைகளும் புதுக் கட்டடத்துக்குத்தான் போகிறார்கள், இவள் மட்டும் தனியாக நிற்கமாட்டாள். பத்தாவதில் மாற்றினால் அது வேறு கதை. அந்த ஒரு வருஷத்தில் ஒரு முழுக் குளிர்காலத்தையும் பார்த்துவிடுவீர்கள்.

வாங்குகிற காலம் வரும்போது வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. ஒஹையோவில் சொத்துவரி ஒரு வருஷம் பின்தங்கி வரும், இந்த வருஷம் கட்டுவது போன வருஷத்துக்கு உரியது. புது வீடு வாங்கினால் முதல் பில் பல சமயம் வெறும் மனைக்குத்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கணக்குப் போட்டால் அடுத்த வருஷம், வீட்டுக் கடனோடு வரியையும் சேர்த்துக் கட்டுகிற மாதத் தவணை திடீரென்று ஏறி மூச்சு முட்டும். இரண்டாவது ரேடான். மண்ணிலிருந்து அடித்தளத்துக்குள் (வீட்டுக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ட்) வருகிற கதிரியக்க வாயு, மணமும் இல்லை நிறமும் இல்லை, நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு காரணம். இந்தக் கவுண்டிகள் அதற்குப் பெயர்போனவை. ஒரு லிட்டர் காற்றில் 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்பது மத்திய அரசின் அளவுகோல். சோதிக்காமல் வாங்கவே கூடாது. மூன்றாவது, அடித்தளத்துத் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப். அதற்குப் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பெருமழையில்தான் கரண்டும் போகும்.


ஹை ஸ்ட்ரீட் வாசி எழுதியது:

மூன்று ஊரையும் விட்டுவிட்டு நான்காவதாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வொர்த்திங்டன். 1803இல் கனெக்டிகட்டிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கிய ஊர். நடுவில் ஊர்ப் பொதுத் திடல், அதைச் சுற்றி நூலகம், கடைகள், சனிக்கிழமைச் சந்தை. எல்லாவற்றுக்கும் நடைபாதை. ஹை ஸ்ட்ரீட்டில் கோட்டா (COTA) என்கிற நகரப் பஸ் நேராக டவுன்டவுன் போகிறது. என் மனைவி வந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் லைசென்ஸ் எடுத்தார். அதுவரை நூலகம், வங்கி, மகளின் பள்ளி எல்லாம் அவர் நடந்தே பார்த்துக்கொண்டார். தாமிரபரணி அக்கா சொன்னதுதான் எனக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது.

குறை என்றால், வீடுகள் பழையவை. அறுபது, எழுபது வருஷத்து வீடுகள், பலவற்றில் குளியலறை ஒன்றோ ஒன்றரையோதான். தமிழ்க் குடும்பங்கள் டப்ளின், பவல் அளவுக்கு இல்லை. மகள் வகுப்பில் நம் பிள்ளை வேறு யாரும் இல்லாத வருஷமும் உண்டு. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது ஒரு பொருட்டா இல்லையா என்று அவளையே கேளுங்கள். எங்கள் மகளுக்கு முதல் வருஷம் கஷ்டமாகத்தான் இருந்தது.


பேரூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன ஆடிட்டர் தளத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தேன். வரி மாவட்டம் கொலம்பஸ், பள்ளி மாவட்டம் ஹில்லியர்ட் என்று வருகிறது. டப்ளின் இல்லை! இவரிடம் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்படியானால் அதை விட்டுவிடுவதா? அந்த வீட்டு வாடகை எங்களுக்கு ஒத்து வருகிறது. பழைய டப்ளின் பக்கம் பார்த்தோம், கட்டுப்படியாகாது.

மகளிடமும் கேட்டேன். நம் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேராவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் நூலகம் வேண்டும் என்கிறாள். அத்தையின் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்துவிட்டோம்.


தாமிரபரணி எழுதியது:

ஹில்லியர்ட் என்பதற்காக விடாதீர்கள். என் மகன் இரண்டு வருஷம் அங்கே படித்தவன். அவனுக்கு அமைந்த மூன்றாம் வகுப்பு ஆசிரியை மாதிரி இன்னொருவரை நாங்கள் பிறகு பார்க்கவில்லை. டப்ளின் என்று நினைத்து ஹில்லியர்டில் போய் விழுந்ததுதான் எனக்கு வருத்தம். தெரிந்தே எடுத்தால் எந்தக் குறையும் இல்லை. டேவிட்சன், டார்பி, பிராட்லி என்று அங்கே மூன்று உயர்நிலைப் பள்ளிகள். உங்கள் முகவரி எதில் வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

வாடகை ஒத்து வருகிறது என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுக்காரர் ஜூனில் வந்ததும் காரை நிறுத்திவிட்டு அந்த வாசலிலிருந்து கடை வரைக்கும், பார்க் வரைக்கும் நடந்து பார்க்கட்டும், நடந்துகொண்டே உங்களுக்கு வீடியோவில் காட்டட்டும். நடைபாதை எங்கே அறுந்துபோகிறது என்று பாருங்கள். நான் குடியிருந்தபோது இருந்ததைவிட இப்போது அந்தப் பக்கம் நிறையக் கட்டியிருக்கிறார்கள், என் அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஹில்லியர்டின் பழைய ஊர்ப் பகுதியையும் அப்படியே ஒருமுறை நடந்து பார்க்கட்டும். ரயில் பாதையைப் பூங்காவாகவும் நடைபாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள், சமதரை, முழங்காலுக்குச் சிரமம் இல்லை. அதன் பக்கத்தில் வாடகைக்கு ஏதாவது கிடைத்தால் உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

நீங்கள் இப்போதிருந்தே கார் பழகுங்கள். கோயம்புத்தூரில் கியர் வண்டியில் பழகியிருந்தால் இங்கே தானியங்கி கியர் வண்டி சுலபம். வலதுபக்கம் ஓட்டுவது மட்டும் ஒரு மாதம் கை நடுங்கும். நான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன், அத்தனையும் வீண்.

பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் ஆங்கிலத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தட்டம்மை ஊசி நம் ஊரில் ஒன்பதாம் மாதம் போடுகிறார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது இங்கே கணக்கில் சேராது, அதற்குப் பிறகு இரண்டு தவணை காட்ட வேண்டும். மகளுக்கு ஏழாம் வகுப்புக்கு மேல் உரிய டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கான) ஊசியும் மூளைக்காய்ச்சல் ஊசியும் கேட்பார்கள். பதிவுப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று இருக்கும். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள், அதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடாதீர்கள். தேவைப்பட்டால் தனியாகச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் அது.

இன்னொன்று, அப்பார்ட்மெண்டில் தரைத்தளமே கேளுங்கள். அத்தையின் முழங்காலுக்காக மட்டும் இல்லை, சூறாவளி (டொர்னேடோ) வந்தால் கீழ்த்தளம்தான் பத்திரம். இங்கே ஒவ்வொரு புதன்கிழமையும் பகல் 12 மணிக்குச் சூறாவளிச் சைரனை ஊதிச் சோதிப்பார்கள். என் அம்மா முதல் புதன்கிழமை பாஸ்போர்ட் பையை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்த அன்றே சொல்லிவையுங்கள்: புதன் பகல் 12க்கு, வானம் தெளிவாக இருக்கும்போது ஊதினால் உட்கார்ந்து சாப்பிடலாம். வேறு நேரத்தில் ஊதினால் வெளியே போகக் கூடாது, ஜன்னல் இல்லாத உள்ளறைக்கோ குளியலறைக்கோ போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எந்த அறை என்று வீடு பார்க்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.